சாட்சி மண்

“உங்க சோப்புத் தண்ணியை உங்க வாசல்லயே விட்டுக்கங்க. எங்க வாசலுக்கு எதுக்கு அனுப்புறீங்க?”

“அக்கா, எங்க வீட்டுல துணி துவைச்சு ரெண்டு நாளாச்சு. வேணும்னா உள்ள வந்து அழுக்குக் கூடையைப் பாருங்க.”

“உங்க அழுக்கை நான் எதுக்கும்மா பாக்கணும்? நுரை உங்க வீட்டுச் சந்துலேர்ந்துதான் வருது. எனக்குக் கண்ணு இருக்கு. ஊசியில நூல் கோக்குற கண்ணு.”

எதிர்வீட்டுத் தையல்காரம்மா துடைப்பத்தை ஈட்டி மாதிரி ஊன்றிக்கொண்டு நின்றார். பருவத்தின் முதல் மழை அப்போதுதான் விட்டிருந்தது. பிற்பகல் மூன்று மணி. தெருவில் பத்துப் பன்னிரண்டு ஜன்னல்கள் காற்று வாங்குவதற்காகத் திறந்தன. காற்று வாங்க வந்தவர்கள் எல்லோருக்கும் காது மட்டும் இந்தப் பக்கமே இருந்தது.

மண் மேடம் குனிந்து பார்த்தாள். தெரு அவளுக்கு வைத்த பெயர் அது. மண் பரிசோதனைக்கூடத்தில் வேலை. ஆட்களை முகத்தைப் பார்த்துப் பேசாமல் செருப்பைப் பார்த்துப் பேசுவாள். செருப்பில் ஒட்டியிருக்கும் சேற்றின் நிறத்தை வைத்தே யார் எங்கே போய்விட்டு வந்தார்கள் என்று சொல்லிவிடுவாள் என்பதால் சில வீட்டு ஆண்கள் அவள் எதிரில் வரும்போது சாலையைக் கடந்துவிடுவதுண்டு. இப்போது அவளே குழம்பி நின்றாள். வாய்க்காலில் நுரை வந்துகொண்டிருந்தது. வெள்ளை வெளேரென்று, அடித்த முட்டை மாதிரி கெட்டியாக, அவசரமே இல்லாமல். அதில் சோப்பு வாசனை இல்லை. எந்த வாசனையும் இல்லை.

“சரி விடுங்கக்கா, நான் பாக்குறேன்.”

“பாருங்க, பாருங்க. ஊரு மண்ணையெல்லாம் பாக்குறவங்க, உங்க வீட்டையும் ஒருநாள் பாருங்க.”

தையல்காரம்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஜன்னல்கள் ஏமாற்றத்தோடு சாத்தப்பட்டன.

அவள் சந்து வழியாகப் பின்பக்கம் போனாள். மழை விட்ட தெருவெங்கும் நனைந்த மண்ணின் வாசனை மூக்கை அடைத்துக்கொண்டு நின்றது. பின்கட்டுக் கதவைத் தாண்டியதும் அது நின்றுவிட்டது. யாரோ கத்தரிக்கோலால் வெட்டியது போல, ஓர் அடி இப்பால் வாசனை, ஓர் அடி அப்பால் ஒன்றுமில்லை. அவள் ஒருமுறை வெளியே போய் மூச்சை இழுத்துப் பார்த்தாள். மறுபடி உள்ளே வந்து இழுத்தாள். பதினோரு வருஷமாக மண்ணை மோந்து சம்பளம் வாங்கிய மூக்கு. பொய் சொல்லாது.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கவில்லை. தக்காளிச் செடிகளுக்கு நடுவே, ஊஞ்சலுக்குக் கீழே, எங்கும் முத்து முத்தாக உருண்டு நின்றது. விரலால் ஒன்றைத் தொட்டாள். அது நழுவி ஓடி இன்னொன்றோடு சேர்ந்து பெரிதாகி நின்றது. அடியில் மண் பொடிப்பொடியாகக் காய்ந்திருந்தது. எங்கிருந்தோ மெல்லிய சத்தம் கேட்டது. சோடாவை ஊற்றி வைத்த டம்ளருக்கு மேல் காதை வைத்தால் கேட்குமே, அது போல.

அந்த மண்ணுக்கு நடுவில் அவள் மகள் உட்கார்ந்திருந்தாள். ஆறு வயது. வீட்டில் பொடிசு என்று பெயர். வெறுங்கால், முழங்கை வரை மண். எதிரில் ஏழு ஜாம் பாட்டில்கள்.

“அம்மா, இது ஒண்ணாம் நம்பர் சாம்பிள். இது ரெண்டாம் நம்பர். இதுல புழு இருக்கானு பாத்தேன். ஒண்ணுகூட இல்ல.”

“எந்திரிடி முதல்ல. கையைக் கழுவு.”

“ஏம்மா? இது சாட்சி மண்ணுதானே? நல்ல மண்ணுன்னு நீதானே சொன்னே?”

சாட்சி மண் என்றால் என்ன என்று அந்தத் தெருவில் அவள் ஒருத்திக்குத்தான் விளக்கத் தெரியும். பிஃபாஸ் என்று ஒரு ரசாயனக் கூட்டம் உண்டு. தண்ணீர் ஒட்டாத மழைக்கோட்டில், முட்டை ஒட்டாத வாணலியில், எண்ணெய்த் தீயை அமுக்கும் நுரையில் எல்லாம் இருப்பது. மட்காது. வந்த விருந்தாளி எழுந்து போகாத மாதிரி, போன இடத்திலேயே உட்கார்ந்துவிடும். இப்போது மழையில்கூடக் கொஞ்சம் கலந்து வருவதால், எந்த மண்ணைச் சோதித்தாலும் துளியூண்டு தெரியும். அந்தத் துளியூண்டுக்குப் பின்னணி அளவு என்று பெயர். கட்டடத்துக்காகத் தோண்டிய மண் பின்னணி அளவைத் தாண்டாவிட்டால், லாரியில் ஏற்றி எங்கே வேண்டுமானாலும் கொட்டலாம். தாண்டினால் மூடிக்கட்டித் தொலைதூரத்தில் இருக்கும் தனிக் குழிக்குக் கொண்டுபோக வேண்டும். சரி, பின்னணி அளவு எவ்வளவு என்று எப்படித் தெரியும்? யாரும் எதையும் கொட்டாத ஓர் இடத்திலிருந்து மாதம் ஒரு பை மண் எடுத்துச் சோதிப்பார்கள். அந்தப் பைதான் சாட்சி.

முதல் சில வருஷங்கள் இரண்டு மணி நேரம் வண்டியில் போய் ஒரு மலைச்சரிவில் எடுத்தாள். அப்புறம் ஒரு மாதம் வண்டி ரிப்பேர், வெளியே அடைமழை, குழந்தைக்குக் காய்ச்சல். வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் தன் வீட்டுப் பின்கட்டிலேயே ஒரு பை அள்ளிக்கொண்டு போனாள். அளவு மலை மண்ணைப் போலவே அச்சு அசலாக வந்தது.

“உங்க வீட்டு மண்ணு ரொம்ப நேர்மையான மண்ணு மேடம்” என்று பரிசோதனைக்கூட டைரக்டர் சிரித்தார். அன்றிலிருந்து மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஒரு பை, பின்கட்டிலிருந்து. படிவத்தில் இடம் என்ற கட்டத்தில் மட்டும் அந்த மலைச்சரிவே நின்றது. எழுதியது அவள் கைதான்.

போன மூன்று வருஷமாகச் சாட்சி மண்ணின் அளவு ஏறிக்கொண்டே வந்தது. இரண்டு. நான்கு. ஒன்பது. பதினாறு. அவள் கவலையோடு போய்ச் சொன்னபோதெல்லாம் டைரக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “உலகமே அழுக்காகுது மேடம், நம்ம ஊரு மட்டும் தப்பிக்குமா?” என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பின்னணி ஏற ஏற, வருகிற மண்ணெல்லாம் தேறியது. பூங்காவுக்குப் போட்ட மண், பள்ளி மைதானத்தை நிரவிய மண், ஏரிக்கரையை உயர்த்திய மண். பழைய தீயணைப்புப் பயிற்சி மைதானத்தை அடுக்குமாடிக்காகத் தோண்டியபோது, வருஷக்கணக்காக நுரை அடித்த மண் தேறுமா என்று அவளுக்கே கை தயங்கியது. மண்ணின் எண் பின்னணி எண்ணுக்குள் இருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

அதையெல்லாம் ஏற்றி இறக்கியதில் பாதி அவள் வீட்டுக்காரரின் லாரிகள். அவரைத் தெரு லாரிக்காரர் என்றே சொல்லும். நல்ல மனுஷன், கோபமே வராது, குழந்தைக்கு ஊஞ்சல் தானே கட்டிக் கொடுத்தவர் என்று நல்ல பெயர். மாடியில் அவருடைய தங்கை, நாள் முழுக்கப் போனும் கையுமாக. அவளுக்கு டைரக்டரின் மகனைப் பார்த்திருக்கிறார்கள் என்று தெருவுக்குத் தெரிந்து இரண்டு மாதம் ஆகிறது. மண் மேடத்துக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவளாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று தெருவும் பெருந்தன்மையாக இருந்துவிட்டது.

பொடிசைக் குழாயடிக்கு இழுத்துப் போய்க் கழுவினாள். தண்ணீர் முதுகில் நிற்காமல் உருண்டு உருண்டு விழுந்தது. எண்ணெய்ப் பசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். துண்டால் துடைத்தபோது துண்டு அவ்வளவாக ஈரமாகவில்லை. அதையும் கவனித்தாள். கவனித்துவிட்டு, மறந்துவிடத் தீர்மானித்தாள்.

பிறகு மண் எடுக்கும் இரும்புக் குழாயை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். வழக்கமாக ஒரு சாண் ஆழத்தோடு சரி. இன்று உடம்பின் கனத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினாள். குழாய் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கி, நாலடி ஆழத்தில் எதிலோ முட்டியது. வெளியே இழுத்துத் தகரத்தட்டில் சாய்த்தாள்.

அடியில் சிவப்பு மண். அவள் கல்யாணமாகி வந்தபோது இருந்த மண். அதற்கு மேல் மூன்றரை அடிக்குச் சாம்பல் மண். அதுவும் ஒரே மண் இல்லை. கேக்கை வெட்டிய மாதிரி வரி வரியாக, ஒன்றின் மேல் ஒன்று, பதினான்கு வரிகள். ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்து மண் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

“பின்பக்கம் தாழ்வா இருக்கும்மா, மழைத் தண்ணி உள்ள வந்துடும்” என்று சொல்லி அவர் அவ்வப்போது அரை லோடு கொண்டுவந்து கொட்டி நிரவுவார். ஆற்றோரத்து நல்ல மண் என்பார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, வேலை முடிந்ததும் பூட்ஸைத் தெருக்குழாயில் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். என்ன சுத்தமான மனுஷன் என்று அவள் தையல்காரம்மாவிடம் பீற்றிக்கொண்டிருக்கிறாள்.

மேல் மண் ஒரு பை. கீழ் மண் ஒரு பை. இரண்டையும் பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய், யாரிடமும் சொல்லாமல் மற்ற சாம்பிள்களின் வரிசையில் செருகினாள். மூன்று நாள் காத்திருந்தாள். அந்த மூன்று நாளும் பின்கட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். வானம் மூடியே கிடந்தது, மழை இல்லை. ஆனாலும் பாத்திரம் கழுவும்போது, தலை சீவும்போது, குழந்தைக்குக் கதை சொல்லி நிறுத்துகிற இடைவெளியில், சுவருக்கு அந்தப்பக்கம் அந்தச் சத்தம். ஆயிரம் பேர் சேர்ந்து உதட்டைப் பிரிப்பது போல. பேசப்போவது போல.

மூன்றாம் நாள் மாலை தாள் வந்தது. கீழ் மண்: ஒன்றுக்கும் குறைவு. மேல் மண்ணின் எண்ணை அவள் இரண்டு முறை படித்தாள். பின்னணி இன்னும் அப்படியேதான் இருந்தது, அவள் வீட்டு நாலடிக்குக் கீழே. அதை வீட்டுக்குள் வைத்தே புதைத்திருக்கிறார்கள்.

டைரக்டரின் மேஜையில் தாளை வைத்தாள். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் கோபம் இல்லை, பயம் இல்லை. உண்மையான ஆச்சரியம்தான் இருந்தது.

“உங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட சொல்லலையா மேடம்?”

அவள் தாளை எடுத்து மடித்துக்கொண்டு வெளியே வந்தாள். படியிறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது.

வீடு வந்து சேர ஆறு மணி. தெருவில் மின்சாரம் போயிருந்தது. கூடத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் லாரிக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மாடியில் நாத்தனார் யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“தீயணைப்பு மைதானத்து மண்ணா?”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். எந்த மண் என்று கேட்கவில்லை.

“அது மட்டும் இல்ல. எதெது தேறாதோ அதுல எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்.”

“நம்ம பொண்ணு விளையாடுற இடங்க அது.”

“எனக்குத் தெரியாதா? மேல ஒரு அடி நல்ல மண்ணு போட்டுடலாம்னு எத்தனை நாள் நெனச்சிருக்கேன் தெரியுமா? போட்டா, நீ அதைத்தானே அள்ளிட்டுப் போவே? அளவு இறங்கிடும்ல.”

அவர் குரலில் வருத்தம்கூட இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“யாரு சொல்லிக் குடுத்தது?”

“சார்தான். இந்தா பாரு, உனக்கும் தெரியும்னுதான் நான் நெனச்சேன். இத்தனை வருஷம் மண்ணைத் தொட்டே ஊர் சொல்றவளுக்கு, சொந்த வீட்டு மண்ணு மாறினது தெரியாமலா போகும்? தெரிஞ்சும் தெரியாத மாதிரி கையெழுத்துப் போடுறா, கெட்டிக்காரின்னு நெனச்சேன்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அடுத்த மாசம் தங்கச்சிக்கும் சார் மகனுக்கும் கல்யாணம். சம்பந்தி வீடா ஆகப்போறவங்களைப் போய்...”

மாடியில் சிரிப்பு நின்றது. கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஊஞ்சலுக்குத் தெரிந்திருக்கிறது. பூட்ஸுக்குத் தெரிந்திருக்கிறது.

“பொடிசு எங்க?”

“பின்னாடிதான். கதவைத் தொறன்னு அழுதா. மாத்துச்சாவி போட்டுத் தொறந்துவிட்டேன்.”

அவள் திரும்பினாள். அடுப்படியைக் கடந்தாள். இருட்டு. சமையல் மேடையின் விளிம்பு இடுப்பில் இடித்தது. அந்தச் சத்தம் இப்போது சுவருக்கு அந்தப்பக்கம் இல்லை; காலடியில் இருந்தது. கதவின் கீழிடுக்கு வழியாக வெள்ளையாக ஏதோ உள்ளே வந்துகொண்டிருந்தது. அவசரமில்லாமல். வீட்டு ஆள் போல.

“அம்மா...” வெளியிலிருந்து குரல். “சாம்பிள் ரெடி.”

கதவைத் தள்ளினாள். நகரவில்லை. தோளைக் கொடுத்தாள். திறந்தது.

பின்கட்டு முழுக்க நுரை. தக்காளிச் செடிகள் இல்லை. படிக்கட்டு இல்லை. ஊஞ்சல் பலகை வெள்ளையின் மேல் மிதந்தது. வானத்திலிருந்து மழை கொட்டியது. கொட்டிய இடமெல்லாம் நுரை மூச்சு விட்டது. ஏறியது.

நடுவில் பொடிசு. இடுப்பு வரை நுரை. கையில் ஜாம் பாட்டில்.

“எந்திரிச்சு வாடி! வா!”

வரவில்லை. சிரித்தாள்.

மண் மேடம் இறங்கினாள். கால் தரையைத் தொடவில்லை போலிருந்தது. தொட்டது. காய்ந்த மண். இந்த மழையிலும். ஐந்து எட்டு வைத்தாள். ஆறு எட்டு. குழந்தையை வாரி நெஞ்சோடு அணைத்தாள்.

தலை காய்ந்திருந்தது.

தடவிப் பார்த்தாள். வெயிலில் உலர்த்திய பஞ்சு போல. சூடாக. சட்டை நனைந்து தோளில் ஒட்டிக்கிடந்தது. கழுத்து, கன்னம், கண்ணிமை, எங்கும் ஈரமில்லை. மழை விழுந்தது. விழுந்த துளி உருண்டது. உருண்டு ஓடியது. அடுத்தது விழுந்தது.

பின்கதவருகே தூக்கி வந்து, அங்கே நிரம்பி வழிந்த வாளியில் சொம்பை முக்கித் தலையில் ஊற்றினாள். ஒன்று. இரண்டு. பத்து.

“கூசுதும்மா!”

காய்ந்த தலை. காய்ந்த முகம். குழந்தையின் வாயில் விழுந்த துளிகள்கூட நாக்கின் மேல் முத்தாக நின்றன.

கதவில் லாரிக்காரர் வந்து நின்றார். காலில் பூட்ஸ். சாரலிலேயே தொப்பலாக நனைந்து, மூக்கிலிருந்து நீர் சொட்ட, ஒரு துண்டை நீட்டினார்.

“தலையைத் துவட்டிவிடு. சளி பிடிச்சுக்கும்.”

துண்டை வாங்குவதற்கு அவள் வலக்கையை நீட்டினாள். மின்னலில் கை தெரிந்தது. முழங்கையிலிருந்து நீர் வழிந்து மணிக்கட்டு வரை வந்தது. அங்கே நின்றது. பதினோரு வருஷமாக மண்ணை அள்ளிய கை, மணிக்கட்டுக்குக் கீழே, பொட்டு ஈரமில்லாமல் இருந்தது.

அடுத்த மாதமே நாத்தனாருக்கும் டைரக்டர் மகனுக்கும் கல்யாணம் நடந்தது. தெருவே போய்ச் சாப்பிட்டுவிட்டு, சாப்பாட்டில் உப்பு குறைச்சல் என்று வந்து சொன்னது. லாரிக்காரர் இப்போது ஊரின் மறுகோடியில் இருக்கிறார். ஆறு லாரி. வீட்டை வாங்கிய இளம் தம்பதிக்குப் பின்கட்டுத் தோட்டம் ரொம்பப் பிடித்துப்போயிற்றாம். மண் மேடம் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள் என்கிறார்கள். பதிலுக்கு, மலைச்சரிவு என்று அவள் கையால் எழுதிக் கையெழுத்திட்ட படிவங்களின் நகல்கள் ஒரு பெட்டி நிறைய வந்தன என்றும் சொல்கிறார்கள். ஒருநாள் விடியற்காலையில் குழந்தையோடு போய்விட்டாள். மழையே பெய்யாத ஊருக்கு என்று ஒரு பேச்சு. யாரும் தேடிப் போகவில்லை.

தையல்காரம்மாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. நுரைக்காக அன்று கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டோமோ என்று இரண்டு மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் பள்ளி விடுகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. குடையில்லாத பிள்ளைகளெல்லாம் மைதானத்தில் குதித்து ஆடிவிட்டு, கத்திக்கொண்டே தெருவுக்குள் ஓடி வந்தார்கள். வாசலுக்கு வாசல் அம்மாக்கள் துண்டோடு நின்றார்கள். தையல்காரம்மா தன் மகளைப் பிடித்து நிறுத்தி, “மழையில ஆடாதேன்னா கேக்குறியா” என்று இரண்டு திட்டுத் திட்டி, தலையை அழுத்தித் துவட்டிவிட்டார். பிறகு வழக்கம் போல வாசல் ஓரமாகப் போய்த் துண்டைப் பிழிந்தார்.

ஒரு சொட்டும் விழவில்லை. இன்னும் அழுத்திப் பிழிந்தார். நிமிர்ந்து பார்த்தபோது, தெரு நெடுக வாசலுக்கு வாசல் ஒருத்தி, ஆளுக்கொரு துண்டை முறுக்கிப் பிழிந்துகொண்டு நின்றாள்.